புன்னைக்காயலுக்கு வந்த பையன்கள்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே தள்ளிப்போட்ட விஷயம் இது. கொஞ்சம் நீளம்தான். ஒரு டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க. (டீயைப் பத்தி ஏன் சொல்றேன்னு ரெண்டு பத்தி தள்ளிப் புரியும்.)

புராஜெக்ட் வேலையா ஒரு வருஷம் லண்டன்ல இருந்தேன். ஜாகை ஈஸ்ட் ஹாம். தெருவுக்கு ரெண்டு தமிழ்க்கடை இருக்கிற ஏரியா, அதனால ஊர் ஞாபகம் ரொம்ப வாட்டல. ஒரு சனிக்கிழமை காலையில கதவு தட்டுற சத்தம். திறந்தா ரெண்டு வெள்ளைக்காரப் பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, சட்டைப் பையில கறுப்பு பேட்ஜ். மார்மன் சபை ஊழியக்காரங்களாம். வெளிய தூறல், ரெண்டு பேரும் நனைஞ்சு போய் நிக்காங்க. எந்த மதம்னாலும் நனைஞ்சவனை வாசல்ல நிப்பாட்டக்கூடாதுன்னு எங்க ஆச்சி சொல்லும். உள்ள கூப்பிட்டு டீ போட்டேன். "மன்னிக்கணும், எங்க சபையில டீ, காபி ரெண்டும் கூடாது" என்றான் சின்னவன். டீ வேண்டாம்னு சொல்ற விருந்தாளியை என்ன பண்றதுன்னு எங்க திருநெல்வேலிச் சீமையில யாரும் சொல்லித்தரலையே! கடைசியில மோர் கரைச்சுக் கொடுத்தேன். முகத்தைச் சுளிக்காம குடிச்சான், பாவம் :-)

சின்னவனுக்கு 19 வயசு. ஊர் அமெரிக்காவுல யூட்டா. வீட்டை விட்டு வந்து அஞ்சு மாசம். மதத்தைப் பத்தி அவன் சொன்னதுல எனக்கு எதுவும் ஒட்டலை, அதை அவன்கிட்டயே சொல்லிட்டேன். ஆனா அவன் வாழ்க்கையைப் பத்திச் சொன்னது ஒட்டிக்கிச்சு. எந்த நாட்டுக்குப் போறதுங்கறது அவங்க கையில இல்ல. சபை சொல்ற ஊருக்குப் போகணும். ஆம்பளைப் பையன்னா ரெண்டு வருஷம், பொண்ணுங்கன்னா ஒன்றரை வருஷம். செலவு பெரும்பாலும் அவங்களோடதும் குடும்பத்தோடதும்தான், சம்பளம் கிடையாது. எங்க போனாலும் ஜோடியாத்தான் போகணும், தனியா அலையக்கூடாது. காதல் கத்தரிக்காயெல்லாம் கிடையாது. 2019 வரைக்கும் வீட்டுக்குப் பேசறதே வருஷத்துக்கு ரெண்டு தடவைதான், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போ வாரத்துக்கு ஒரு தடவை பேசலாம். ஆம்பளைப் பையன்களுக்கு 19 வயசுன்னு இருந்ததை 2012ல 18 ஆக்கிட்டாங்க. பொண்ணுங்களுக்கு 21ஐ 19 ஆக்கினாங்க.

"எது ரொம்பக் கஷ்டம்?"னு கேட்டேன். கதவைச் சாத்துறது பழகிருச்சாம். "நான் பேசறது அவங்களுக்குப் புரியாம, அவங்க பேசறது எனக்குப் புரியாம நிக்கிறதுதான்" என்றான். ஈஸ்ட் ஹாம்ல பாதிக் கதவுக்குப் பின்னால தமிழும் பெங்காலியும் உருதுவும்தானே.

அவன் போனப்புறம்தான் மண்டையில ஒண்ணு உறைச்சது. இந்த மாதிரிப் பையன்கள் எங்க ஊர்ப்பக்கம் வந்து போய் 480 வருஷம் ஆகுதே!

*

எங்க ஊர் ஆறுமுகநேரி. திருநெல்வேலியில ரயில் ஏறினா நாசரேத், குரும்பூர் தாண்டி வர்ற ஸ்டேஷன். அடுத்தது காயல்பட்டினம், அதுக்கு அடுத்தது திருச்செந்தூர். பாதிப் பேருக்கு உப்பளம், மீதிப் பேருக்குச் சாகுபுரம் பாக்டரின்னு ஓடுற ஊர். வடக்க ஆத்தூர் வழியாப் போனா தாமிரபரணி கடல்ல விழுற இடம் வரும். அதுதான் புன்னைக்காயல். பள்ளிக்கூட நாள்ல சைக்கிள்ல போயிருக்கோம். ஆத்துமுகத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டு, வேர்க்கடலை தின்னுட்டுத் திரும்பி வருவோம். அந்த மண்ணுல என்ன நடந்ததுன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. நாங்களும் கேக்கல.

16ஆம் நூற்றாண்டுல இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறைன்னு பேரு. கன்னியாகுமரி பக்கம் தொடங்கி ராமேஸ்வரம் வரைக்கும் பரதவர் ஊர்கள். முத்தும் சங்கும் எடுக்கிற உரிமைக்காகப் பெரிய தகராறு. ஒரு பக்கம் கடல் வணிகம் கையில வெச்சிருந்த முஸ்லிம் வியாபாரிகள், இன்னொரு பக்கம் கரையை ஆண்ட குட்டி ராஜாக்கள், நடுவுல பரதவர். அவங்க தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியர்கிட்ட பாதுகாப்பு கேட்டாங்க. அதோட விலையா, 1536-37 வாக்குல சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் வாங்கினதாச் சொல்றாங்க. பாதிரியார்கள் வந்து தண்ணி தெளிச்சுப் பேர் வெச்சுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் சொல்லித்தர ஆள் இல்லை. மொழி தெரிஞ்ச பாதிரி ஒருத்தர்கூட இல்லை.

இந்த நிலைமையில 1542 கடைசியில வந்தவர்தான் பிரான்சிஸ் சவேரியார். லிஸ்பன்ல 1541 ஏப்ரல்ல கப்பல் ஏறி, மொசாம்பிக்ல மாசக்கணக்கா தங்கி, கோவா வந்து சேர 1542 மே ஆயிருச்சு. 13 மாசப் பயணம்! நமக்கு துபாய்ல நாலு மணி நேரம் டிரான்சிட்னாலே பொலம்பறோம்.

சவேரியாருக்கு அப்போ 36 வயசு, பையன்னு சொல்ல முடியாது. ஆனா பாஷை விஷயத்துல அவரும் அந்த ஈஸ்ட் ஹாம் பையன் மாதிரித்தான் நின்னார். ரெண்டு பாஷையும் அரைகுறையாத் தெரிஞ்ச உள்ளூர் ஆட்களைப் பிடிச்சு, பல நாள் உக்காந்து செபங்களைத் தமிழ்ல பெயர்த்தார். அதை நெட்டுரு போட்டார். கையில மணி எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவா அடிச்சிட்டுப் போவார். பிள்ளைங்க கூட்டம் சேரும். தான் நெட்டுரு போட்டதைச் சொல்லுவார், அதுங்க திருப்பிச் சொல்லும். அதுங்க வீட்டுக்குப் போய் அப்பன் ஆத்தாளுக்குச் சொல்லும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சம்பவம் 1544ல நடந்தது. சவேரியாரோட கூட்டாளி மன்சிலாஸ்னு ஒரு போர்ச்சுகீசியர், கரையில இன்னொரு பக்கம் வேலை பார்க்கிறார். அவருக்குச் சவேரியார் ஒரு கடிதம் போடுறார். சாராம்சம் இதுதான்: விசுவாசப் பிரமாணத்துல "எனக்கு வேணும்"னு வர்ற இடத்தை மாத்து, நம்புறேன் என்கிற அர்த்தம் வர்ற மாதிரி விசுவாசத்துக்கான சொல்லைப் போடு. அதாவது அதுவரைக்கும் கடவுளை "நம்புகிறேன்"னு சொல்றதா நெனச்சு, "எனக்கு வேணும்"னு சொல்லிக்கொடுத்திருக்காங்க! எத்தனை ஊர், எத்தனை பிள்ளைங்க அதை ராகம் போட்டுப் படிச்சிருக்கும்? நாம புரொடக்ஷன்ல பக் விட்டுட்டு ராத்திரி பேட்ச் அனுப்புறோமே, கிட்டத்தட்ட அதே கதை. என்ன, இந்த பேட்ச் ஓலைக்காரன் கையில, கடற்கரை மணல்ல நடந்து போயிருக்கு.

ஆனா யோசிச்சுப் பாத்தா அந்தத் தப்புலயும் ஒரு உண்மை இருக்கு. கொச்சிக்குப் போன அந்தத் தலைவர்களுக்கு அப்போ உண்மையில "வேண்டி" இருந்தது வேற. உயிருக்கும் தொழிலுக்கும் ஒரு காவல்.

அதே வருஷக் கடிதங்கள்ல மனுஷன் படுற பாடு தெரியும். 1544 ஜூன்ல வடுகர் படை (விஜயநகர ஆட்கள், போர்ச்சுகீசியர் எழுத்துல படகாஸ்) தெற்குக் கரையில புகுந்து ஊர்களைச் சூறையாடினாங்க. ஜனங்க கன்னியாகுமரி பாறைகளுக்கு ஓடி ஒளிஞ்சு சோறு தண்ணி இல்லாமக் கிடக்காங்க. மணப்பாட்டிலிருந்து 20 தோணியில அரிசியும் சாமானும் ஏத்திக்கிட்டுச் சவேரியார் கிளம்புறார். எதிர்க்காத்து அடிச்சு தோணி போகமாட்டேங்குது, திரும்பி வர வேண்டியதாப் போச்சு. அப்புறம் தரை வழியாப் போய்ச் சேர்ந்தார். இன்னொரு கடிதத்துல, தங்களோட போர்ச்சுகீசிய அதிகாரிகளே பண்ற அக்கிரமத்தைப் பார்த்து, உயிரோட இருக்கிறதே அலுத்துப்போச்சு என்கிற பொருள்பட எழுதுறார். ஈஸ்ட் ஹாம் பையன் மோர் டம்ளரைக் கீழ வெச்சிட்டு ஜன்னலைப் பார்த்த பார்வை எனக்கு இங்கதான் ஞாபகம் வந்தது.

பூசி மெழுக வேண்டாம், இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். பிள்ளைங்களை விட்டு வீட்டுச் சாமி சிலைகளை உடைக்க வெச்சதையும் அதே சவேரியார் பெருமையா எழுதியிருக்கார். கள்ளு, சாராயம் குடிச்ச பெண்களுக்கு அபராதமும் சிறையும் போடச் சொல்லியிருக்கார் (ஆம்பளைங்க குடிச்சதைப் பத்தி அந்தக் கண்டிப்பு இல்லை, கவனிங்க). சிலையை உடைச்ச வீட்டுல ஒரு பாட்டி இருந்திருப்பா இல்லையா? அவ பக்கத்துக் கதை எந்தக் கடிதத்துலயும் இல்லை. கடிதம் எழுதத் தெரிஞ்சவன் பக்கம்தான் வரலாறு சாயும்.

*

இனிமேதான் என் ஹீரோ வர்றார்.

என்றிக்கே என்றிக்கஸ். நம்ம தமிழறிஞர்கள் அண்டிரிக் அடிகளார்னு சொல்லுவாங்க. 1520ல போர்ச்சுகல்ல விலா விசோசாங்கிற ஊர்ல பிறந்தவர். பூர்வீகம் யூதக் குடும்பம். அந்தக் காலப் போர்ச்சுகல்ல யூத ரத்தம்னா மதம் மாறி எத்தனை தலைமுறை ஆனாலும் "புதுக் கிறிஸ்தவன்"தான். முதல்ல பிரான்சிஸ்கன் சபையில சேர்ந்தார், பூர்வீகம் தெரிஞ்சதும் வெளிய அனுப்பிட்டாங்க. 1545ல இயேசு சபையில சேர்ந்தார். அடுத்த வருஷமே கப்பல். 1547ல முத்துக்குளித்துறை. வயசு 27.

அதாவது ஏறக்குறைய இப்போ என் வயசு.

வந்த புதுசுல அவரும் துபாஷை வெச்சுத்தான் பிரசங்கம் பண்ணினார். ஆனா தான் ஒண்ணு சொல்ல, துபாஷ் வேற ஒண்ணு சொல்றான்னு சந்தேகம். ஒரு கட்டத்துல மத்த வேலையைக் குறைச்சுக்கிட்டு ராத்திரி பகலாத் தமிழ் படிக்க உக்காந்தார். அப்போ ஐரோப்பியனுக்குத் தமிழ் இலக்கணப் புத்தகமே கிடையாது. அவருக்கு லத்தீன் இலக்கணம் தெரியும். அந்த அச்சுல போட்டுத் தமிழைப் பிரிச்சார். வேற்றுமை என்ன, காலம் எப்படி மாறுது, வினைமுற்று எப்படி முடியுதுன்னு ஒவ்வொண்ணாக் குறிச்சு வெச்சார். சில மாசத்துல துபாஷ் இல்லாமப் பேச ஆரம்பிச்சுட்டார். 1548ல வேம்பாறுல இருந்து எழுதின கடிதத்துல இதையெல்லாம் சொல்றார். அப்புறம் அந்தக் கரைப் பாதிரிகள் எல்லாரும் தங்களுக்குள்ளயும் தமிழ்லதான் பேசணும், மீறினா தண்டனைன்னு ஒரு ஏற்பாடும் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு போர்ச்சுகீசியன் தனியா உக்காந்து, தப்பும் தவறுமா "சாப்பிட்டீரா?"ன்னு கேட்டுக்கிறதைக் கற்பனை பண்ணிப் பாருங்க.

அவர் எழுதி வெச்ச இலக்கணக் குறிப்புகள் கையெழுத்துப் பிரதியா லிஸ்பன் தேசிய நூலகத்துல தூங்கிக்கிட்டு இருந்தது. 1982ல ஹான்ஸ் பெர்மீர்ங்கிற ஜெர்மானியர் பதிப்பிச்சார். 2013ல ஜீன் ஹைனும் நம்ம வி.எஸ். ராஜமும் சேர்ந்து ஆங்கிலத்துல கொண்டு வந்தாங்க. அதுல விசேஷம் என்னன்னா, பண்டிதத் தமிழ் இல்லாம அன்னைக்குக் கரையில பேசின தமிழ் பதிவாகியிருக்கு. நம்ம ஊர்ப் புலவர்கள் எழுதத் தகுதியில்லைன்னு விட்டதை ஒரு வெளியூர்க்காரன் காதுல விழுந்தபடி எழுதி வெச்சிருக்கான்.

அவர் வேலை பார்த்த சூழ்நிலை சும்மா இல்லை. அவர் வயசொத்த ஒரு கூட்டாளி, இத்தாலியிலிருந்து வந்த அந்தோனி கிரிமினாலி. அவரும் 1520ல பிறந்தவர். 1549ல மண்டபம் பக்கத்துல வேதாளைங்கிற ஊர்ல, ராமேஸ்வரம் போற யாத்ரீகர்கள்கிட்ட போர்ச்சுகீசியக் கேப்டன் சுங்கம் பிடுங்க, அது பெரிய பகையாகி வடுகர் படை வந்திறங்கிச்சு. கேப்டன் ஆட்கள் தோணியில ஏறித் தப்பிச்சாங்க. கிரிமினாலி பெண்களையும் பிள்ளைகளையும் தோணியில ஏத்தி விட்டுக்கிட்டே கரையில நின்னார். ஈட்டியால குத்திக் கொன்னுட்டாங்க. 29 வயசு. இயேசு சபையோட முதல் ரத்தசாட்சின்னு அவரைத்தான் சொல்றாங்க. தப்பு செஞ்சவன் ஒருத்தன், உயிரைக் கொடுத்தவன் இன்னொருத்தன்.

கிரிமினாலி இடத்துக்கு மத்தவங்க சேர்ந்து என்றிக்கஸைத் தலைவரா தேர்ந்தெடுத்தாங்க. புன்னைக்காயல்ல ஊர்ப்பணத்துல ஒரு மருத்துவமனை நடத்தினார். 1553ல புன்னைக்காயல் தாக்கப்பட்டப்போ பிடிபட்டு விலங்கு மாட்டிக் கிடந்தார். வெளிய வந்ததும் திரும்ப அதே கரை, அதே வேலை.

இந்த நேரத்துல மன்சிலாஸ் என்ன ஆனார்? மலுக்குத் தீவுகளுக்குப் போகச் சொன்னதுக்கு மாட்டேன்னுட்டார். சவேரியாரே அவரைச் சபையிலிருந்து நீக்கிட்டார். அவர் மேல எனக்குக் கோபம் வரல. எத்தனை பேர் ஆன்சைட் வேண்டாம்னு ராஜினாமா போட்டிருக்கோம்!

அப்புறம் அச்சு. 1554லயே லிஸ்பன்ல தமிழ்ச் செபப் புத்தகம் ஒண்ணு அச்சாயிருச்சு, ஆனா ரோமன் எழுத்துல. தமிழ் எழுத்துலயே அச்சடிக்கணும்னா எழுத்து வார்க்கணும். கோவாவுல ஒரு தடவை வார்த்தாங்க, கொல்லத்துல இன்னொரு தடவை. 1578 அக்டோபர் 20ல கொல்லத்துல "தம்பிரான் வணக்கம்" வெளிவந்துச்சு. 16 பக்கம். இந்த வேலையில என்றிக்கஸோட துணைக்கு நின்னவர் பேரோ லூயிஸ், பிராமணக் குடும்பத்துல பிறந்து இயேசு சபையில சேர்ந்த முதல் இந்தியர். செலவுக்குக் காசு கொடுத்தது முத்துக்குளித்துறை ஜனங்க. மூச்சடக்கி முங்கினவன் காசுலதான் தமிழ் எழுத்து முதன்முதலா இந்திய மண்ணுல அச்சேறிச்சு! அடுத்த வருஷம் கொச்சியில "கிரிசித்தியானி வணக்கம்". 1586ல "அடியார் வரலாறு", இதை அச்சிட்ட இடம் நம்ம புன்னைக்காயல்னுதான் பொதுவாச் சொல்றாங்க.

"தம்பிரான்"ங்கிற சொல்லைக் கவனிச்சீங்களா? சைவ மடத்துச் சொல். 34 வருஷத்துக்கு முன்னாடி "வேணும்"ல தடுமாறின கூட்டம், இப்போ ஊர்க்காரன் வாயில பக்தியோட வர்ற சொல்லைத் தேடி எடுத்திருக்கு.

என்றிக்கஸ் 1600ல புன்னைக்காயல்ல கண்ணை மூடினார். வயசு 80. தூத்துக்குடியில அடக்கம். கரைக்கு வந்து 53 வருஷம், சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

*

இதுக்கு நேர்மாறா ஒரு கதையும் உண்டு, அதுவும் மார்மன் கதைதான். 1853ல யூட்டாவிலிருந்து ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ்னு மூணு பேர் மெட்ராஸ் வந்து இறங்கினாங்க. பெரும்பாலும் இங்கிலீஷ் தெரிஞ்ச ஆட்கள்கிட்டதான் பேசினாங்க. ஆங்கிலத்துல ஒரு பத்திரிகைகூட போட்டாங்க. பாலன்டைன் அடுத்த வருஷமே கிளம்பிட்டார். இன்னைக்கு மெட்ராஸ்ல அவங்க ஞாபகமா ஒரு தெருப்பேர்கூட இல்லை. அவங்களும் வீட்டை விட்டு, கடல் தாண்டி வந்தவங்கதான். பக்தி குறைச்சல்னு சொல்ல முடியாது. பாஷைப் பக்கம் போகல, அவ்வளவுதான்.

23 வயசுல மெட்ராஸ்ல இறங்கின கால்டுவெல்லையும், 1706ல தரங்கம்பாடியில இறங்கின சீகன்பால்கையும் நாம ஞாபகம் வெச்சிருக்கிறதுக்குக் காரணம் அவங்க கொண்டு வந்த மதம்னு எனக்குத் தோணல. நான் அந்த மதக்காரன் இல்லை, ஆனாலும் எனக்கு அவங்க வேணும். ("வேணும்"தான், சரியான இடத்துலதான் போட்டிருக்கேன்!)

கடைசியா என் கதை. லண்டனுக்கு முன்னாடி நாலு வருஷம் பெங்களூர்ல இருந்தேன். கேஸ்காரர், ஆட்டோக்காரர், கீழ்வீட்டு அஜ்ஜி எல்லாரும் கன்னடம். "கன்னட கொத்தில்ல"ங்கிறதைத் தாண்டி நான் ஒரு வார்த்தை கத்துக்கல. அந்த அஜ்ஜி தினம் மாடிப்படியில நின்னு என்கிட்ட ஏதோ கேப்பாங்க. நான் சிரிச்சிட்டுப் போயிருவேன். காலி பண்ணிட்டுக் கிளம்பின அன்னைக்குக் கொஞ்சம் நீளமா ஏதோ சொன்னாங்க, கண்ணு கலங்கியிருந்தது. என்ன சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

லத்தீனை வெச்சுக்கிட்டு ஒரு 27 வயசுக்காரன் எங்க ஊர்ப் பக்கத்துல சில மாசத்துல தமிழ் கத்துக்கிட்டான். என் கையில இன்டர்நெட் இருந்தது.

ஈஸ்ட் ஹாம் பையன் ரெண்டாவது தடவை வந்தப்போ "வணக்கம் அண்ணா" என்றான். மூலையிலிருந்த யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தாராம். அன்னைக்கு மோரை அவனே கேட்டு வாங்கிக் குடிச்சான்.

திருச்செந்தூர் பக்கம் வந்தா ஒரு மணி நேரம் ஒதுக்கிப் புன்னைக்காயல் ஆத்துமுகத்துக்குப் போய்ட்டு வாங்க மக்களே. வழி தெரியலைன்னா ஆறுமுகநேரியில இறங்கிக் கேளுங்க, தமிழ்லயே சொல்லுவாங்க :-)